துவைப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், வீடுகளில் கிடக்கும் பழம்பொருள்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். குத்துவிளக்கு, வெற்றிலைப் பெட்டி, பால்வெட்டுக் கத்தி என்று நாம் பார்த்துப் பழகிய பொருள்களுக்கு நடுவே, தோட்டத்துரை ஒருவர் விட்டுச்சென்ற ஸ்காட்லாந்துக் கில்ட்டின் (அந்நாட்டு ஆண்கள் இடுப்பில் உடுத்தும், கொசுவம் வைத்த கம்பளி உடை) படத்தையும் அச்சிட்டு, அதற்கென ஒரு பத்தியையும் ஒதுக்கியிருந்தது எனக்குத் தனி மகிழ்ச்சி தந்தது. ஆயினும் அந்தப் பத்தியில் இருந்த இரண்டு கருத்துகளைத் திருத்தாமல் விடுவது சரியாகாது என்று எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு குலத்துக்கும் பழங்காலம் தொட்டே தனித்தனி டார்டன், அதாவது தனித்தனிக் கட்டத்துணி, இருந்தது என்றும், ஆகையால் துணியைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தக் குலத்துக்கு உரியது என்று சொல்லிவிடலாம் என்றும் கட்டுரையாளர் கூறுகிறார். அதற்கு அடுத்த வரியில், அத்தகைய துணியைச் சவர்க்காரத் தூளில் ஊறவைத்து அலசி, வெயிலில் உலர்த்தி, அந்துருண்டையோடு பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்று ஆலோசனையும் சொல்கிறார். முன்னது வரலாற்றுப் பிழை. பின்னதை யாரேனும் நம்பிச் செய்துவிட்டால் போனது போனதுதான். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அந்தத் தவற்றை நானே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பதே.

என் தந்தையார் நிபோங் திபாலை அடுத்த ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். 1958-இல் அங்கிருந்த ஸ்காட்லாந்துத் துரை வேலையை முடித்துக்கொண்டு தாயகம் திரும்பியபோது, துரைசாணி ஒரு தகரப் பெட்டியை என் தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு கில்ட்டும், இரண்டு துண்டுகளை நடுவில் சேர்த்துத் தைத்த பெரிய கம்பளிப் போர்வையும் இருந்தன. நம் ஊர்ப் புழுக்கத்தில் கம்பளியை யார் போர்த்திக்கொள்வது? என் தாயார் அந்தப் போர்வையை நான்காக மடித்து மேசைமேல் விரித்து, இஸ்திரி போடுவதற்குப் பயன்படுத்தினார். கரி இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு ஒன்று அதில் இன்றும் இருக்கிறது. கில்ட் மட்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. தாயார் காலமான பிறகு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பெட்டியைத் திறந்த நான் பூசண வாடையைப் பொறுக்காமல் அதை நகரத்து டோபிக் கடை ஒன்றில் கொடுத்தேன். வெந்நீரிலும் தூளிலும் புரண்டு திரும்பி வந்த கில்ட் இரண்டு அங்குலம் சுருங்கியிருந்தது. கம்பளி இறுகித் தடித்திருந்தது. இடுப்புப் பட்டையின் உட்புறத்தில் எழுத்தும் எண்ணுமாக இருந்த துணிச் சீட்டு வெறும் வெள்ளைத் துணுக்காக மாறியிருந்தது. கடைக்காரர் தம் வேலையைச் செய்தார். சீட்டைப் படிக்காமல் கொடுத்த தவறு என்னுடையது. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர எத்தனையோ இரவுகள் முயன்றிருக்கிறேன்.

அதன் பிறகே இத்துணிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, பழைய டார்டன் துணியைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் கேட்கும் 'எந்தக் குலம்?' என்ற கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் கடைசியாகக் கேட்கிறார்கள் என்பது. கட்டத்துணி ஸ்காட்லாந்தில் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. ஃபால்கர்க் நகருக்கு அருகில் 1933-இல் கண்டெடுக்கப்பட்ட மண்கலம் ஒன்றில் கிட்டத்தட்ட 2,000 ரோமானிய வெள்ளி நாணயங்கள் இருந்தன. அக்கலத்தின் வாயை அடைத்திருந்த துணித் துண்டு, சாயமேற்றாத இரண்டு இயற்கை நிறக் கம்பளி நூல்களால் கட்டம் போட்டு நெய்யப்பட்டது, அது கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் கரிச்சதுப்பில் 1980-களின் தொடக்கத்தில் கிடைத்த மற்றொரு துண்டு நெடுங்காலம் ஆராயப்படாமலே இருந்தது. ஏறக்குறைய 55 சென்டிமீட்டருக்கு 43 சென்டிமீட்டர் அளவுள்ள அத்துண்டைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது, அது பெரும்பாலும் 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது என்று தெரிய வந்தது. டண்டீ நகரின் வி அண்டு ஏ அருங்காட்சியகத்தில் 2023-இல் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். இவ்விரண்டு துண்டுகளும் எந்தக் குலத்துக்கு உரியவை என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

குலத்துக்கொரு டார்டன் என்ற வழக்கம் எப்போது வந்தது என்பது தனிக் கதை. 1703-இல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய மார்ட்டின் மார்ட்டின் என்பவர், துணியின் கட்டத்தைக் கொண்டு ஒருவர் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்று அறியலாம் என்றே குறிப்பிடுகிறார். குலத்தை அறியலாம் என்று சொல்லவில்லை. 1714-ஐ ஒட்டி ரிச்சர்ட் வெய்ட் என்னும் ஓவியர் கிராண்ட் குலத்தாரைத் தனித்தனியே தீட்டிய ஓவியங்களில், ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு டார்டன்களை உடுத்தி நிற்கிறார்கள். ஸ்காட்லாந்தின் வடபகுதியான மலைநாட்டின் கிளர்ச்சியாளர்கள் கலோடன் போரில் அரசுப் படையிடம் தோற்ற பிறகு, 1746-இல் இயற்றப்பட்ட சட்டம் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை உடுத்துவதைத் தடை செய்தது. முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை; மறுமுறை பிடிபட்டால் ஏழு ஆண்டுகளுக்குக் கடல்கடந்த தோட்டங்களுக்கு நாடுகடத்தல். அரசுப் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அத்தடை இல்லை. 1782-இல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறைக்கும் மேல் கடந்துவிட்டிருந்தது. அதற்குள் டார்டன் நெசவு பெருமளவில் பானக்பர்ன் ஊரின் வில்சன் நிறுவனம் போன்ற, படைகளுக்குத் துணி வழங்கிய நெசவாலைகளின் கைக்குப் போய்விட்டது. லண்டன் மலைநாட்டுச் சங்கம் 1815-இல், குலத் தலைவர்கள் தத்தம் டார்டன் மாதிரியைக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது, தங்களுக்குரியது எதுவென்றே தெரியாமல் விழித்த தலைவர்களும் இருந்தார்கள். 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்து தாமும் கில்ட் உடுத்திக்கொண்டார். அந்த வரவேற்பை எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்தினார். அதன் பிறகு குலத்துக்கொரு டார்டன் என்பது மரபாகவே நிலைத்துவிட்டது. 1842-இல் சகோதரர் இருவர், பழஞ்சுவடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஒரு டார்டன் நூலை வெளியிட்டார்கள். அச்சுவடி போலி என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனாலும் அதில் இருந்த கட்டங்கள் பல, இன்று குல டார்டன்களாகவே வழங்குகின்றன.

இந்த வரலாற்றில் என்னை உலுக்கிய ஒரு செய்தி உண்டு. வில்சன் நிறுவனத்தின் பேரேட்டில் 43 என்ற எண்ணோடு ஒரு டார்டன் இருந்தது. கிட் என்ற பெயருடைய ஒருவர், மேற்கிந்தியத் தீவுகளில் தம்மிடமிருந்த அடிமைகளுக்கு உடுத்தக் கொடுப்பதற்காக அதை மொத்தமாக வாங்கினார். அதனால் அதற்குக் 'கிட்' என்றே பெயர் வழங்கியது. 'கலிடோனியா' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அதே கட்டம்தான் பின்னாளில் மெக்ஃபர்சன் குலத்தின் டார்டனாயிற்று. கலிடோனியா என்றால் ஸ்காட்லாந்துக்கு ரோமானியர் இட்ட பெயர் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கலாம். ஆனால் செபராங் பிறையின் தென்பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழருக்குக் கலிடோனியா என்பது முதலில் ஒரு தோட்டத்தின் பெயர், தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை நிற்கும் இடம், நம் முன்னோர் கரும்பும் ரப்பரும் வளர்த்த மண். துணியின் பெயருக்கும் தோட்டத்தின் பெயருக்கும் நேர்த்தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால், ஒரு குலத்தின் பெருமையாக இன்று சுவரில் மாட்டப்படும் கட்டம், கரும்புத் தோட்டத்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் உடலில் முன்பு இருந்தது என்பதைப் படித்தபோது, இத்துணிகளை ஆராய்வது ஸ்காட்லாந்துக்காரர்களின் வீட்டு விவகாரம் மட்டும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போயிற்று.

அப்படியானால் துணியிலிருந்து என்னதான் அறிய முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நெசவு தெரிந்த தமிழருக்கு இதை விளக்குவது எளிது. டார்டனில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் எந்த நிற வரிசையில், எந்த எண்ணிக்கையில் ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசையிலும் எண்ணிக்கையிலும் குறுக்கே செல்லும் ஊடை நூல்களும் ஓடும். ஊடை நூல் இரண்டு பாவு நூல்களுக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாகச் சென்று, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இழை நகர்வதால், துணியின் முகத்தில் சாய்வான வரிகள் தோன்றும். ஒரே நிறப் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தில் அந்த நிறம் தெளிவாகவும், வெவ்வேறு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்தும் தெரியும். மூன்று நிற நூல்களைக் கொண்டு நெய்தாலே கண்ணுக்கு ஆறு நிறங்கள் கிடைப்பது இவ்வாறுதான். நிறங்களின் வரிசை ஒரு நடுக்கோட்டை அடைந்ததும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வரும். ஆகவே ஒரு நடுக்கோட்டிலிருந்து அடுத்த நடுக்கோடு வரை நூல்களை எண்ணி எழுதிவிட்டால், முழுத் துணியையும் எழுதியதாகிவிடும். என் கில்ட்டில் அப்படி எண்ணி முடிக்க எனக்கு மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஊசியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் யாரும் செய்யலாம். துணி சுருங்கினாலும் நூலின் எண்ணிக்கை மாறுவதில்லை என்பது எனக்குக் கிடைத்த சிறு ஆறுதல்.

தையலும் அவ்வாறே பேசும். பழைய மலைநாட்டு உடை வெட்டித் தைக்காத நீண்ட துணி. நம் வேட்டியைப்போலவும் சேலையைப்போலவும் அதைக் கையால் கொசுவி, இடுப்பில் வார் கட்டி உடுத்தினார்கள். கொசுவங்களை நிலையாகத் தைத்த கில்ட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவலாகிறது. தொடக்ககாலக் கில்ட்டுகளுக்கு ஏறத்தாழ 4 கெஜம் துணியே பிடித்தது. அவற்றின் மடிப்புகள் அகலமான பெட்டி மடிப்புகள். 19-ஆம் நூற்றாண்டு வளர வளர மடிப்புகள் நெருங்கிக் கூர்மையாகி, துணி 8 கெஜம் வரை போயிற்று. கில்ட்டின் கீழ் விளிம்பு மடித்துத் தைக்கப்படுவதில்லை. வேட்டியின் கரையைப்போலத் துணியின் நெசவுக் கரையே விளிம்பாக நிற்கும். எனவே அந்தக் கரையைப் பார்த்தால் தறியைப் பற்றி ஏதேனும் தெரியும். கைத்தறித் துணியின் அகலம் சுமார் 2 அடிதான் என்பதால் பெரிய போர்வைக்கு இரண்டு துண்டுகளை இணைத்தாக வேண்டும்; என் தாயாரின் இஸ்திரி விரிப்பின் நடுவில் ஓடும் அந்தத் தையலுக்கு இப்போதுதான் எனக்குப் பொருள் விளங்கியது.

சாயம் இன்னும் நுட்பமான சான்று. கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து மற்றொரு சிவப்பு, அவுரியிலிருந்து நீலம், நம் சமையலறைக் கல்பாசிக்கு உறவான பாறைப்பாசிகளிலிருந்து பழுப்பும் ஊதாவும் என்று அக்காலச் சாயக்காரர்கள் பயன்படுத்தினார்கள். கொச்சினீல் மெக்சிகோவிலிருந்தும் அவுரி இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்தவை; மலைநாட்டின் தனித்துவம் என்று போற்றப்படும் துணியின் நிறங்களில் பாதி கடல்கடந்து வந்தவையே. 1856-இல், மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்ற வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார்; அதன்பின் செயற்கைச் சாயங்கள் பெருகின. ஆகவே ஒரு நூலிழையில் செயற்கைச் சாயம் இருந்தால், 'கலோடன் போரில் உடுத்தியது' என்ற குடும்பக் கதை அங்கேயே முடிந்துவிடும். கிளென் அஃப்ரிக் துண்டின் வயதை உறுதிப்படுத்தவும் இந்த ஆய்வு துணைபுரிந்தது. அதில் செயற்கைச் சாயத்தின் தடயமே இல்லை. இச்சோதனைக்கு மிகச் சிறிய நூலிழை போதும். ஆனால் இரசாயனத் தூளில் ஊறிய நூல், வெளுப்பான் பட்ட நூல், வெயிலில் வெளிறிய நூல் ஆகியவை சோதனைக்கு வரும்போது பாதிச் செய்தியை இழந்தே வருகின்றன.

என் கில்ட்டுக்கு வருகிறேன். அதன் நிறங்கள் கருநீலம், கறுப்பு, பச்சை. நூல் கணக்கைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது அது 'அரசாங்க டார்டன்' என்று வழங்கும், பிளாக் வாட்ச் படைப்பிரிவால் புகழ்பெற்ற கட்டம் என்று தெரிந்தது. கேம்பெல் குலத்தாரும் அதைத் தங்களுடையது என்பார்கள்; சதர்லாந்து குலத்தாரும் என்பார்கள்; கிராண்ட் குலத்தாருக்கு அதுவே வேட்டை உடை. இதே கட்டத்தில் ஒரு மஞ்சள் கோட்டைச் சேர்த்தால் கார்டன் படைப்பிரிவு. வெள்ளையும் சிவப்பும் சேர்த்தால் சீஃபோர்த் படைப்பிரிவு உடுத்திய மெக்கன்சி டார்டன். குலத்தைக் கேட்டால் ஒரே துணி மூன்று பதில் சொல்கிறது. தையல் மட்டும் சற்று உறுதியாகப் பேசியது. டோபிக் கடையில் கீழ்ப்பகுதி மடிப்புகளை மனம்போனபடி தேய்த்துவிட்டார்கள் என்றாலும், இடுப்பிலிருந்து தைத்திருக்கும் மேற்பகுதி கலையவில்லை. அங்கே ஒவ்வொரு கொசுவத்தின் நடுவிலும் ஒரே கோடு வந்து விழும்படி மடித்திருக்கிறார்கள். கட்டம் கலையாமல் தொடர்ந்து தெரியும்படி மடிப்பது பொதுவாகக் குடிமக்கள் வழக்கம். ஒரே கோட்டை எடுத்துக்காட்டி மடிப்பது பொதுவாகப் படையினர் வழக்கம். எனவே இது படையில் இருந்தவருக்குத் தைத்ததாக இருக்கலாம் என்பது வரை நான் வந்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல வேண்டிய துணிச் சீட்டைத்தான் நான் சலவைக்குக் கொடுத்துவிட்டேன்.

கட்டுரையில் வந்த கில்ட்டைப் பற்றி, 1942-இல் ஜப்பானியரை எதிர்த்து நடந்த சிலிம் ரிவர் போரில் உடுத்தியதாக அக்குடும்பத்தார் சொல்வதாகக் குறிப்பு இருந்தது. அவ்வாண்டு ஜனவரி 7-ஆம் நாள் அங்கே ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவு பெரும் இழப்புக்கு உள்ளானது உண்மை. ஆனால் இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே கில்ட் போர்க்களத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. மலாயாக் காட்டில் அவர்கள் காக்கி அரைக்காற்சட்டையில்தான் போரிட்டார்கள். அந்தக் கில்ட் அப்படையினர் ஒருவருடைய அணிவகுப்பு உடையாகவோ விருந்து உடையாகவோ இருந்திருக்கலாம். குடும்பக் கதையைப் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கதையையும் சேர்த்தே எழுதி வைத்தால், பின்னால் வருபவர் உமியையும் நெல்லையும் பிரித்துக்கொள்வார்.

பாதுகாப்பைப் பற்றி இனிக் கூறுகிறேன். ஐரோப்பிய வழிகாட்டிகளை அப்படியே நம்ப முடியாதபடி நம் ஊர்க் காற்று இருக்கிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூசணம் பிடிக்க வாய்ப்பு உண்டு. எனவே இரும்புப் பெட்டி, சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை ஆகிய மூன்றும் ஆகா. துணியை அமிலமற்ற மெல்லிய தாளிலோ, அது கிடைக்காவிட்டால் கஞ்சி முழுவதும் போகும்வரை பலமுறை அலசிக் காயவைத்த காடாத்துணியிலோ சுற்றி, மரப்பலகை நேரே படாமல், காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் வைக்கலாம். போர்வையை மடிப்பதைவிட உருளையில் சுற்றுவது நல்லது, ஏனெனில் பழங்கம்பளி மடிப்புக் கோட்டில்தான் முதலில் அறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். வெயில் வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகங்கள் பழந்துணிகளை ஏறத்தாழ 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில்தான் வைக்கின்றன. வெளிறிய நிறத்தை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. தூசியை எடுக்க வேண்டுமானால், துணிமேல் மெல்லிய வலையை விரித்து, தூசி உறிஞ்சியை மிகக் குறைந்த விசையில் இயக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்துப்பூச்சிக்கு அஞ்ச வேண்டியதுதான், கம்பளியைத் தின்பவை அதன் புழுக்கள். அதற்கு அந்துருண்டை வழியன்று. அதன் வாடை துணியை விட்டு எளிதில் போகாது என்பது ஒருபுறமிருக்க, ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ஆபத்து என்பதை நம் நாட்டு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் எல்லாரும் அறிவார்கள். துணியைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் காற்றை இயன்றவரை வெளியேற்றி மூடி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைகுளிர்ப் பகுதியில், அதாவது சுழியத்துக்குக் கீழே 18 பாகையில், இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் அழியும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காமல் இருப்பது முக்கியம். அவசரப்பட்டுத் திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் படிந்துவிடும். (கோழியும் மீனும் இருக்கும் பெட்டியில் கில்ட்டை வைத்ததற்கு என் மனைவி சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.)

இவற்றையெல்லாம் செய்வதற்கு முன், துணியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே, முன்னும் பின்னும் உட்புறமும் படமெடுத்து, சீட்டு, பொத்தான், வார், துரு, கறை, ஒட்டு எதையும் விடாமல் எழுதி வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கறைகூட ஒரு சான்று. கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தை அடுத்த, ஒரு காலத்தில் ரயில்வே தலைமையகமாக இருந்த கட்டடத்தில், 2010 முதல் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் இயங்குகிறது. நம் நாட்டு நெசவுகளுக்கே அங்கு முதலிடம் தரப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்நாட்டில் உடுத்தப்பட்ட, துவைக்கப்பட்ட, தைக்கப்பட்ட அயல்நாட்டுத் துணிகளும் இந்நாட்டின் வரலாறே. பழவேற்காட்டுக் கட்டக் கைலி சூலியா (தமிழ் முஸ்லிம்) வணிகரோடு கப்பலேறி வந்து, ஊரின் பெயரையே தாங்கி 'காயின் பெலிக்காட்' ஆகி, மலாய்க்காரரின் வீட்டுடையாகவே நிலைத்துவிட்ட நாட்டில், இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் பினாங்கிலும் ஒருநாள் தலைநகரிலும், மக்கள் தங்கள் பழந்துணிகளைக் கொண்டுவந்து, எதையும் ஒப்படைக்காமல், பதிவு மட்டும் செய்துகொண்டு போக அருங்காட்சியகத்தார் ஏற்பாடு செய்தால் பெரும் உதவியாக இருக்கும்.

அந்தப் பதிவில் தமிழர் இல்லாமல் முடியாது என்பதே நான் சொல்ல வந்ததின் மையம். மெக்காலிஸ்டர் சாலை, கேம்பெல் வீதி என்று ஸ்காட்டியப் பெயர்கள் ஜார்ஜ்டவுன் முழுதும் பலகைகளில் இருக்கின்றன. துரைமார் வீட்டுப் பெட்டிகளில் இருந்த கம்பளித் துணிகளை மழைக்காலத்தில் காற்றாட விட்டவர், பொத்தான் தைத்தவர், பழையதை வாங்கிப் பிள்ளைக்கு மெத்தையாக்கியவர் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் பங்களாக்களில் ஆயாவாகவும், சமையற்காரராகவும், தையற்காரராகவும், டோபியாகவும் வேலை செய்த நம் பாட்டிகளும் தாத்தாக்களும். எடின்பரோவில் நூலிழையைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. அந்தக் கம்பளி இங்கே நாற்பது ஆண்டுகள் எப்படிப் பிழைத்தது என்ற செய்தி தொண்ணூறு வயதை நெருங்கும் சில தோட்டப்புறத் தமிழர்களிடம்தான் இருக்கிறது.

முடிக்குமுன் ஓர் உதவி கேட்கிறேன். என் கில்ட்டின் இடுப்புப் பட்டையின் உட்புறத்துப் பருத்தித் துணியில் ஒரு கறுப்புக் குறி இருக்கிறது: மேலே முக்கோணமாக மூன்று புள்ளிகள், கீழே ஒரு சாய்கோடு, கோட்டின் வலது முனையில் சிறு கொக்கி. டோபிக் கடையின் வெந்நீருக்கும் தூளுக்கும் அச்சிட்ட சீட்டு கரைந்துபோயிற்று. இந்தக் குறி இம்மியும் மங்கவில்லை. அது சேராங்கொட்டைச் சாற்றால் போட்டுச் சுண்ணாம்பால் நிலைப்படுத்திய சலவைக் குறி என்று கருதுகிறேன். எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் காண ஒவ்வொரு சலவைத் தொழிலாளரும் தமக்கென வைத்திருந்த குறி அது. ஸ்காட்லாந்தின் எந்தப் பதிவேட்டிலும் அதற்கு விடை இராது. 1940-களிலும் 50-களிலும் நிபோங் திபால், சுங்கை பாக்காப், பாரிட் புந்தார் வட்டாரத்துப் பங்களாக்களுக்குச் சலவை செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் யாரேனும் இக்குறியை அறிந்திருந்தால், தங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டுகிறேன். குறியின் வரைபடத்தை இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். இடமிருந்தால் அதையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.